வார்டுக்கு ஒரு தன்னார்வலர் குழு அமைக்கப் போகிறோம். கொரோனா காலத்தில் உங்கள் ஊரில் எது கைகொடுத்தது?

தெற்குவீதி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டெல்டா பக்கம் ஒரு நகராட்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம்), வார்டுக்கு நிரந்தரமாக ஒரு தன்னார்வலர் குழு வேண்டும், அடுத்த தடவை தொற்றோ வெள்ளமோ வந்த பிறகு ஆள் தேடி ஓடக் கூடாது என்று நான்தான் எழுந்து பேசினேன். கவுன்சிலர் அம்மா உடனே சரி என்றார், அடுத்த கூட்டத்துக்குள் எப்படிச் செய்யலாம் என்று எழுதிக் கொண்டுவரும்படி என்னிடமே விட்டுவிட்டார். அதற்காகத்தான் இங்கே கேட்கிறேன்.

ஏன் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர்கள் வீட்டுக் கேட்டில் எப்போதும் ஒரு மஞ்சள் பை தொங்கும், பால்காரர் அதில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் காலையில் பால்காரர் கடைக்கு வந்து, "அண்ணே, முந்தாநாள் போட்ட பால் அப்படியே கிடக்குது, பாக்கெட் உப்பிப் போயிருக்கு" என்றார். கேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் இருவருக்கும் எழுந்து உட்காரத் தெம்பில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா பிழைத்தார், சார் பிழைக்கவில்லை. என் கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நாலே வீடு. எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

உதவ ஆளே இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் எங்கள் தெருவில் மட்டும் இருபது பையன்கள் இறங்கி வேலை செய்தார்கள். கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். ஒரே மதியத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று குழு பொட்டலம் கொண்டுவந்த நாள் உண்டு, அதே மதியம் பின்னாலிருக்கும் சந்துக்கு ஒரு பொட்டலமும் போகவில்லை. அடுத்த வருடம் வீட்டுக்கு வீடு காய்ச்சலில் படுத்தபோது அந்தப் பையன்களில் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள், மீதிப் பேர் வீட்டிலேயே யாரையாவது கவனித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் அதற்கும் ஆள் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். கொரோனாவின் இரண்டு அலையையும் கவுன்சிலர் இல்லாமல்தான் கடந்தோம். இப்போது கவுன்சிலர் இருக்கிறார், பகுதி சபை கூடுகிறது. கேட்க ஓர் இடம் இருக்கும்போதே எழுத்தில் ஒன்றைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். எந்த வீட்டை யார் பார்ப்பது என்பதை உங்கள் ஊரில் எப்படிப் பிரித்தீர்கள்? பணத்தை எப்படிக் கையாண்டீர்கள்? தன்னார்வலர்களுக்கு ஏதாவது கொடுத்தீர்களா? வேலை செய்தவர்களோ உதவி வாங்கியவர்களோ, பட்டதைச் சொல்லுங்கள்.

கயிற்றுக்கூடை

அண்ணே, உங்கள் வாத்தியாரைப் பற்றிப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக முடியவில்லை.

சென்னையில் 2020-ல் ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களை எடுத்தது நினைவிருக்கும். வீட்டுத் தனிமையில் இருப்பவர்களுக்கு மளிகை, மருந்து வாங்கித் தருவது, அவர்கள் வெளியே வராமலும் பார்த்துக்கொள்வது, இரண்டும் அவர்கள் வேலை. நான் இருந்தது வேறு ஊர், ஆனால் கிட்டத்தட்ட அதே வேலையை எட்டு மாதம் பார்த்தேன். கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நேரம். ஒரு நாளைக்கு முப்பது வீடு, சில நாள் நாற்பது.

வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்துவிட்டது. மேலே மாட்டியிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தாலே எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் வராது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா வர மாட்டார். "தம்பி, வண்டிய தெருமுனையில விட்டுட்டு, சொந்தக்காரப் பையன் மாதிரி சும்மா நடந்து வாப்பா" என்று ஓர் அம்மா கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்தவன்தான், அப்புறம் அந்தத் தெருவில் போடவே இல்லை.

இன்னொன்று, போனில் நலம் விசாரிப்பதை நம்பாதீர்கள். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார், சர்க்கரை நோயாளி. கயிற்றில் பிளாஸ்டிக் கூடையைக் கட்டி இறக்குவார், இன்சுலினை டிபன் பாக்ஸில் ஐஸ்கட்டி போட்டு அதில் வைப்பேன், மேலே இழுத்துக்கொள்வார். மூன்று நாளாகப் போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் கூடையை இழுக்கும்போது பாதியில் நிறுத்தினார், கயிற்றைக் கம்பியில் சுற்றிவிட்டு நின்றார், திரும்ப இழுத்தார், திரும்ப நின்றார். முந்தின நாள் வரைக்கும் ஒரே மூச்சில் இழுத்தவர். ஆக்ஸிமீட்டரைக் கூடையில் அனுப்பி விரலில் மாட்டச் சொன்னேன், ஆக்சிஜன் அளவு 88-தான் காட்டியது. அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார். தினமும் ஒரே ஆள் போனதால்தான் அது கண்ணில் பட்டது. நாளுக்கு ஓர் ஆள் என்று மாற்றி மாற்றி அனுப்பியிருந்தால் அவர் எப்போதுமே அப்படித்தான் இழுப்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் வீட்டை ஆளுக்குப் பிரிக்கும்போது கடைசிவரை அந்த வீட்டுக்கு அதே ஆள் என்று எழுதுங்கள்.

உதவி செய்கிறவரையே காவலுக்கும் போடாதீர்கள். இன்றைக்கு மருந்து வாங்கித் தந்தவன் நாளைக்கு "ஏன் வெளியே வந்தீர்கள்" என்று மிரட்டினால் மூன்றாம் நாள் காய்ச்சலை மறைப்பார்கள். என்னிடமே மறைத்திருக்கிறார்கள்.

காசு பற்றிக் கேட்டீர்கள். கொடுங்கள், அண்ணே. எனக்குச் சம்பளம் வந்ததால்தான் எட்டு மாதம் நின்றேன். என்னோடு சும்மா சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஜூன் மாதமே போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா.

கொல்லங்கோட்டுக்காரி

நான் பாலக்காடு மாவட்டம், தமிழ் பேசும் குடும்பம், குடும்பஸ்ரீயில் இருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், குடும்பஸ்ரீ என்பது கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டம், 1998-ல் தொடங்கியது, பத்து இருபது வீட்டுக்கு ஓர் அயல்கூட்டம், வாரா வாரம் ஒரு வீட்டில் உட்காருவோம், சேமிப்புப் பணம் கட்டுவோம். கொரோனாவுக்கென்று எங்களை யாரும் புதிதாகத் திரட்டவில்லை. 2018 வெள்ளத்தில் சேற்றை வாரியதும் இதே பெண்கள்தான்.

2020 மார்ச் கடைசி வாரத்தில் முதலமைச்சர் சமூக அடுக்களை என்று அறிவித்தார். இடம் பிடிப்பது, அரிசி, வாடகை எல்லாம் பஞ்சாயத்தின் பொறுப்பு, சமைப்பது எங்கள் பொறுப்பு. முடியாதவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 20 ரூபாய், வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் 25. இலவசம், காசு என்று இரண்டு வகை வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. சும்மா வாங்கக் கூச்சப்படுகிறவர் 20 ரூபாய் கொடுத்துத் தலை நிமிர்ந்து வாங்குவார், இலவசப் பொதியும் காசுப் பொதியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

யாருக்கு இலவசம் என்று முடிவு செய்யத்தான் மெம்பர் வேண்டும். எங்கள் வார்டு மெம்பர், வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சி, அங்கன்வாடி டீச்சர், எங்களில் ஒருத்தி, நாலு பேரும் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காருவோம். நோட்டில் இன்றைக்கு எத்தனை பொதி, எந்த வீட்டுக்கு, யார் கையில் என்று எழுதுவோம். கால் மணி நேர வேலை. அண்ணா சொன்ன மாதிரி ஒரு தெருவுக்கு மூன்று தடவை போய் சந்து பட்டினி கிடப்பது எங்கள் வார்டில் நடக்காததற்கு அந்த நோட்டுதான் காரணம். கோயில் கமிட்டியோ கட்சிக்காரர்களோ பொதி கொண்டுவந்தாலும் சரி என்று வாங்கி அந்த நோட்டில் ஏற்றித்தான் அனுப்பினோம். முதலில் முறைத்துக்கொண்டார்கள், அப்புறம் அவர்களே காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

வெளியூர்த் தொழிலாளிகளை மறந்துவிடாதீர்கள். செங்கல் சூளையில் வடக்கத்திக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். எங்கள் சோறும் சாம்பாரும் நாலு நாளிலேயே அவர்களுக்கு அலுத்துவிட்டது, கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கேட்டார்கள். கொடுத்தோம், அவர்களே சுட்டுச் சாப்பிட்டார்கள், எங்களுக்கும் முப்பது பொதி வேலை மிச்சம்.

ஈஸ்ட்ஹாம் சுதா

நான் யாழ்ப்பாணம், லண்டனுக்கு வந்து 22 வருசம். இங்கத்தைய கவுன்சிலில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு ஏதும் உதவுமோ பாருங்கோ.

2020 மார்ச் 23 லொக்டவுன். அடுத்த நாள் என்எச்எஸ்-க்கு (இங்கத்தைய அரசு மருத்துவ சேவை) இரண்டரை லட்சம் தொண்டர்கள் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. நாலைந்து நாளில் ஏழரை லட்சம் பேர் பதிந்து, பதிவையே நிறுத்த வேண்டி வந்தது. நானும் பதிந்தேன். போனில் ஆப்பை ஓன் பண்ணி வைத்துக்கொண்டு மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், காத்திருந்தேன், ஒரு வேலையும் வரவில்லை. என்னைப் போல நிறையப் பேருக்கு அப்படித்தான். அதே நேரத்தில் எங்கட றோட்டில் இருக்கிற ஒரு வயது போன அம்மாவுக்கு ஃபார்மசிக்குப் போக ஆள் இல்லை. அவவுக்கு ஆப்பும் தெரியாது, இங்கிலிஷும் தெரியாது. அந்த அம்மாவை எனக்குக் காட்டினது றோட்டுக்காரர் தொடங்கின வாட்ஸ்அப் குறூப், யாரோ கடுதாசித் துண்டில் நம்பர் எழுதி எல்லா வீட்டுக் கதவுக்குள்ளாலும் போட்டிருந்தார்கள்.

பிறகு நான் கவுன்சில் உதவி மையத்தில் சேர்ந்தேன். கடும் நோயுள்ளவர்கள் வெளியில் வரவேண்டாம் என்று அரசாங்கம் கடிதம் அனுப்பினது, இங்கிலாந்தில் 22 லட்சம் பேர் அந்தப் பட்டியலில் வந்தார்கள். தனியாக இருக்கிறவைக்குக் கிழமைக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி. நல்ல காரியம்தான். ஆனால் பெட்டிக்குள் பாஸ்தா, ரின்னில் (தகர டப்பாவில்) அடைத்த அவரை, ரின் சூப், பாண் (ரொட்டி), தேயிலை. 78 வயது ஐயா ஒருவர், சைவம், போன் எடுத்து "பிள்ளை, இந்த ரின்னுக்குள்ள மீனோ மரக்கறியோ" என்று கேட்டார். எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, நான் இங்கே எழுதிப் பார்த்துச் சொன்னேன். டியூனா, மீன்தான். ஆறு கிழமைப் பெட்டியை அவர் திறந்தும் திறக்காமலும் அடுக்கி வைத்திருந்தார், பாணும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. அதுக்குப் பிறகு கோயிலில் சமைத்துக்கொண்டிருந்த ஆட்களோடு கதைத்து, சோறும் பருப்பும் அவருக்குப் போக ஒழுங்கு செய்தோம். அதனால் வீட்டுக்கு முதல் தரம் போகும்போதே என்ன சாப்பிடுவார், என்ன மொழி கதைப்பார், ஆர் சமைக்கிறது என்ற மூன்றையும் எழுதி வையுங்கோ.

காசு விசயம் இங்கேயும் பெரிய தலையிடி. தொடக்கத்தில் தொண்டர் தன் கார்டில் வாங்குவார், வீட்டுக்காரர் என்வலப்பில் காசு வைப்பினம், எண்ணிப் பார்த்தால் குறையும், கேட்கவும் கூச்சம். வங்கிக் கார்டையும் பின் நம்பரையும் தூக்கிக் கொடுத்த ஆட்களும் இருந்தினம், நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அது ஆபத்து. பிறகு சூப்பர் மார்க்கெட்டுகள் தொண்டர்களுக்கு என்று தனி கிஃப்ட் கார்ட் கொண்டுவந்த பிறகுதான் நிம்மதி. கடைக்காரர் எண்டபடியால் அண்ணாவுக்கு இது சுகம். காசு தொண்டர் கையில் வரவே கூடாது, வீட்டுக்காரர் நேரே கடைக்கு அனுப்பட்டும்.

மூன்றாம்வார்டு உறுப்பினர்

ஐயா, நான் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை கிராமப் பஞ்சாயத்து வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்ததால், பதவி ஏற்று மூன்று மாதத்தில் கொரோனா. கையெழுத்து எங்கே போடுவது என்று பழகுவதற்குள் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தபோது வீடு வீடாக டோக்கன் கொண்டுபோனோம், அப்போதுதான் எங்கள் வார்டில் எத்தனை வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்பதே எனக்குக் கணக்கில் வந்தது. பதினேழு பேர். அதில் பன்னிரண்டு பேர் பெண்கள்.

சம்பளம் கொடுங்கள் என்று தம்பி சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எட்டு மாதம் தினமும் நாற்பது வீடு போகிறவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் வார்டுக் குழுவில் எல்லோருக்கும் காசு என்று ஆரம்பித்தால் யார் பெயரைச் சேர்ப்பது என்பதிலேயே குழு உடைந்துவிடும், எங்கள் பக்கத்து ஊரில் உடைந்ததைப் பார்த்தேன். பெட்ரோலுக்கும் போன் ரீசார்ஜுக்கும் ரசீதுக்குக் காசு, முகக்கவசமும் கையுறையும் நகராட்சி கொடுக்கட்டும். தொற்று என்று அறிவித்து முழு நேரம் ஆள் வேண்டும் என்று வரும்போது, அந்த நாளுக்கு மட்டும் தினக்கூலி என்று இப்போதே தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

பட்டியலை நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் உங்கள் பகுதியிலும் இருப்பார். எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது அவருக்குத் தெரியும். ஒன்று மட்டும், அந்தப் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், அது நோயாளிகளின் சொந்த விஷயம், அவர் கொடுக்கவும் கூடாது. குழுவில் அவரையே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னால் போதும், என்ன நோய் என்று நமக்கு எதற்கு.

தெற்குவீதி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கடையை மூடிவிட்டு இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். சுதா அம்மா, அந்த ஐயா தகர டப்பாவை எழுத்துக் கூட்டி வாசித்ததைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. பணம் நேராகக் கடைக்கு என்பதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன், எங்கள் தெருவில் என் கடை மட்டும் இல்லாமல் நாலு கடையையும் சேர்த்துத்தான், இல்லையென்றால் வியாபாரத்துக்காகச் செய்கிறான் என்று ஆகிவிடும்.

இருபத்தைந்து வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிரிக்கலாமா? எங்கள் வார்டில் கிட்டத்தட்ட 600 வீடு. அப்படியானால் 24 பேர் வேண்டும். இப்போதைக்கு நம்பிச் சொல்லக்கூடியவர்கள் ஒன்பது பேர்தான்.

கயிற்றுக்கூடை

அண்ணே, 600 வீட்டுக்கும் தினமும் போக வேண்டியதில்லை. உறுப்பினர் அக்கா சொன்ன மாதிரி தனியாக இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்று முதலில் எடுங்கள். அறுபது எழுபது வீடு வரும். ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஏழெட்டு வீடு, அது முடிகிற வேலை. மற்ற வீடுகளுக்கு உங்கள் நாலு கடை வாசலிலும் ஒரு நம்பர் எழுதி ஒட்டினால் போதும், அந்த நம்பரை யாராவது எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பால்காரரையும் பேப்பர் போடும் பையனையும் குழுவில் சேர்த்துவிடுங்கள். விடிவதற்குள் எல்லாக் கேட்டையும் பார்த்துவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

தெற்குவீதி

பால்காரரிடம் இன்று காலையே கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார். பை எடுக்காமல் கிடந்தால் எத்தனை மணி வரை பார்ப்பது என்று அவரே கேட்டார். அன்றைக்கே எட்டு மணி என்று வைத்திருக்கிறோம்.